பலகாரமும் பிரசாதமும் கணக்கில் வராது

நகரியில் பவர்லூம் ஓட்டும் தேவேந்திரனின் மனைவி துர்காதேவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் திருப்பதிக்கு பஸ் ஏறி டயாலிசிஸ். கொடுக்க ஆள் இல்லையா என்றால், அடேயப்பா, இரண்டு பேர்! கட்டினவன் ஒருத்தன், கூடப்பிறந்த தம்பி கேசவன் ஒருத்தன். ரெண்டு பேர் ரத்தமும் பொருந்தியது. இடித்தது தொப்பைதான். "யாராவது ஒருத்தர் பத்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள், ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் தெலுங்கில் சொல்லி, மூன்று மாசம் கெடு கொடுத்தார்.

திரும்பும் பஸ் புத்தூர் தாண்டுவதற்குள் சண்டை.

"பதினாறு மணி நேரம் வயித்தக் காயப்போடணும் மச்சான். மீதி எட்டு மணி நேரத்துல இன்னா துன்னாலும் ஒடம்புல ஒட்டாது" என்றான் தேவேந்திரன்.

"சும்மா இரு மாமா. கலோரி எண்ணித் துன்னணும். செல்லுலயே ஆப் கீது" என்றான் கேசவன்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு மேல் தொடக்கூடாத துர்காதேவி, நாக்கு வறள ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நமக்காக இம்மாம் மல்லுக்கு நிக்குதுங்களே என்று பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

தேவேந்திரன் சொன்ன சொல் தவறாதவன். மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு பருக்கை சோறு உள்ளே போகாது. சோறுதானே சாப்பாடு? காலையில் போவது எட்டு இட்லியும் ஒரு பூரி செட்டும், அது பலகாரம். புரட்டாசி சனிக்கிழமை விரதத்துக்கே பலகாரம் உண்டு. பெருமாளே ஒத்துக்கொண்டதை டாக்டர் கேட்டுவிட முடியுமா என்ன?

கேசவன் இன்னும் கெட்டி. ரெண்டு சப்பாத்தி, அரை கிண்ணம் பருப்பு என்று செல்லில் ஏற்றிவிட்டுத்தான் வாயில் வைப்பான். ஆனால் அக்கா பிழைக்க வேண்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனான். சனிக்கிழமை நாராயணவனம், திங்கட்கிழமை காளஹஸ்தி. நெய் வழியும் பொங்கல், புளியோதரை, வடை, எல்லாம் தொன்னை தொன்னையாக.

"இதையும் அதுல ஏத்துடா" என்றாள் துர்காதேவி.

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "பிரசாதத்துக்கு யாராச்சும் கலோரி பாப்பாங்களா? அபச்சாரங்க்கா."

மூன்று மாசம் முடிந்து ஆஸ்பத்திரியில் எடை மெஷின் ஏறினார்கள். தேவேந்திரன் ரெண்டு கிலோ கூடியிருந்தான். கேசவன் மூன்றரை. "உன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன்" என்று ஒருத்தன்மேல் ஒருத்தன் பாய்ந்தார்கள். துர்காதேவி ரெண்டு முகத்தையும் பார்த்தாள். வெட்கம் இருந்தது, வருத்தமும் கொஞ்சம் இருந்தது. அதுக்கெல்லாம் அடியில், பரீட்சை தள்ளிப்போன பிள்ளைகள் மாதிரி ஒரு நிம்மதி. அடப் பாவிங்களா, கத்திக்குப் பயந்துக்கினா இப்படித் துன்னீங்க! அவளுக்கு வயிறு எரிந்தது. பாவமாகவும் இருந்தது, பயம் யாரைத்தான் விட்டது?

"செத்தவங்க சிறுநீரகம் குடுக்கிற லிஸ்டுல என் பேரை எழுதிக்குங்க சார்" என்றாள்.

"எத்தனை வருஷம் ஆகுமென்று சொல்லமுடியாதம்மா" என்றார் டாக்டர்.

"ஆவட்டும்."

பேர் ஏறின மறுமாசமே அதிசயம் நடந்தது. ரெண்டு பேருக்கும் பசி அடங்கிவிட்டது. கேசவன் கோயிலுக்குப் போவதைக் குறைத்தான். தேவேந்திரனுக்குக் காலைப் பலகாரமே மறந்துபோயிற்று. ஆறு மாசத்தில் பதினொரு கிலோ இறங்கி, கடைத்தெருவில் கண்டவனையெல்லாம் நிறுத்தி, பட்டினியின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்தான்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், "பாத்தியா துர்கா, பதினொண்ணு! எந்த டாக்டரும் இனிமே என்னைக் குண்டன்னு சொல்லமுடியாது" என்றான்.

துர்காதேவி சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "நெசந்தாங்க. அப்போ நாளைக்கே போயி டாக்டரைப் பாத்துடலாங்களா?"

தேவேந்திரன் தலை நிமிரவில்லை. தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, "இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்றான்.

அவள் போட்டாள்.