வலது கண்ணில் நிற்பவன்

"வேன் நிக்குது அண்ணி, கரை ஏறு, இந்தக் கண்ணும் பூட்சின்னா..."

"போனா போவுது, எனுக்குக் கைதான் கண்ணு, நீ உன் வேலைய..."

"கை சோறு போடும், வழி காட்டுமா? ஊசி போடலன்னா..."

"அந்த ஊசிதான் வேணான்றேன்."

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருத்தி பேச்சின்மேல் ஒருத்தி ஏறிப் பேசினார்கள். ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த திரௌபதி நிமிரவில்லை. அவளை அழைத்துப்போகத் தண்ணீரில் இறங்கியவள் நாத்தனார் ராஜாத்தி. கண் ஆஸ்பத்திரி வேன் சுண்ணாம்புக்குளம் சாலையில் நின்றிருந்தது.

இடது கண் போனதே திரௌபதிக்கு வெகுநாள் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரில் இறால் பிடிக்கிறவளுக்கு விரல் நுனியில் மீசை பட்டால் போதும். சர்க்கரை நோய் தின்றுவிட்டது என்று கண் முகாமில் சொன்னபோது சிரித்துவிட்டாள். இப்போது வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். விழித்திரைக்கு ரத்தம் போதவில்லை. மூச்சுமுட்டிய செல்கள், ரத்தத்தைக் கூப்பிடுவதுபோல, ஒரு புரதத்தை வெளியே விடுகின்றன. பக்கத்து ரத்தக்குழாய்ச் சுவரில் அது போய் ஒட்டினால், குழாய் அந்தத் திசையில் கிளைவிடும். அவசரத்தில் முளைத்த கிளை மெல்லியது; கசியும், உடையும். ஊசி மருந்து அந்தப் புரதத்தை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். கூப்பிட்டது போய்ச் சேராது.

திரௌபதி மனதில் கடைசிச் சொல் மட்டும் தங்கிவிட்டது. ஏரிக்குள் ஒருத்தி குரல் கொடுத்தால், பிடித்த இறாலை விட்டுவிட்டாவது போய்ப் பார்க்கிறவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். கூப்பிடுகிற வாயை ஊசியால் அடைப்பதா?

"நான் கூப்புட்டுகினே கீறேன், ராஜாத்தி. அவுரு வராரு."

யார் என்று ராஜாத்தி கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, வேணு கிடைக்கவில்லை. இவளுக்குப் புருஷன், அவளுக்கு அண்ணன்.

வலது கண்ணில் முதலில் கறுப்பு நூல்கள்தான் தெரிந்தனவாம். பிறகு நூல்கள் கூடி ஓர் ஆளாயின. கண்ணைத் திருப்பினால் அந்த ஆளும் திரும்புகிறான், ஆனால் உடனே அல்ல; தண்ணீருக்குள் நடப்பவனைப்போலச் சற்றுப் பிந்தி. கண்ணை மூடினாலும் வெளிச்சம் இருக்கும்வரை இமைக்குள் நிற்கிறான்.

அது கசிந்த ரத்தத்தின் நிழல் என்று டாக்டரம்மா சொன்னதை ராஜாத்தி நினைவுபடுத்தினாள். ரத்தம்தான் என்று திரௌபதியும் ஒத்துக்கொண்டாள்.

"வேற எதுல வருவாரு?"

ராஜாத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்தாள். இன்றைக்கு விட்டால் அந்தக் கண்ணும் நிலைக்காது, இருட்டில் உட்கார்ந்து யாரைப் பார்க்கப் போகிறாய் என்றாள். திரௌபதி இரண்டடி வந்தாள். அப்புறம் நின்றாள்.

"நேத்து மாரளவு தண்ணில நின்னாரு. இன்னிக்கு இடுப்புத் தண்ணி."

சாலையில் ஹாரன் கேட்டது. ராஜாத்தியின் பிடி தளர்ந்தது. மறுபடி ஹாரன் அடித்தபோது அவள் கரையைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தை இரு கையாலும் ஏந்தி, அந்த வலது கண்ணுக்குள் குனிந்து பார்த்தாள். மூன்றாம் முறை ஹாரன் ஒலிக்கவில்லை. வேன் கிளம்பும் சத்தம்தான் வந்தது.

"அண்ணன் மூஞ்சி தெரியற வரிக்கும் பொறுத்துக்கலாமா, அண்ணி?"