சம்பந்தி கேட்ட சின்ன சோப்பு

குளிக்காத தலையும் தோளில் துண்டுமாகப் பஞ்சம்மாள் லாட்ஜ் வராந்தாவில் வந்து நின்றபோதே பெண் வீட்டார் ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். அவர் மாப்பிள்ளைக்கு அத்தை. உத்தமபாளையத்திலிருந்து வேனில் வந்து இறங்கி, இன்னும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

“பொண்ணு குடுக்கிறவுக இங்கன இருக்காகளா, ஓடிட்டாகளா?”

பெண்ணின் அப்பா நல்லகண்ணு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “என்ன மதினி, என்ன கொறை?”

“குளிக்க சோப்பைத் தேடுனா செவுத்துல ஒரு டப்பாவை மாட்டி வச்சிருக்கீக. அமுக்குனா சோப்புத் தண்ணி வருது. ஊர்ல போறவன் வாறவனெல்லாம் அமுக்குன டப்பா! அவுக மிச்சத்துலயா நாங்க குளிக்கணும்? எங்க பக்கமா இருந்தா ஆளுக்கு ஒரு கிட்டு புதுசாக் குடுத்து மரியாதை பண்ணியிருப்போம்.”

கிட்டு என்றால் வேறொன்றுமில்லை. விரல் நீளப் பேஸ்ட், பிளாஸ்டிக் பிரஷ், சீப்பு, ரெண்டு ஷாம்பு பாக்கெட், வெத்திலைக்குள் மடித்துவிடலாம் போல ஒரு சோப்பு. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள். இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எவரோ ஒரு கல்யாணத்தில் கொடுத்தார்கள். அடுத்த கல்யாணத்தில் கொடுக்காதது குறையாகிப் போனது. நம் ஆட்கள் சீர் வரிசையில் ஒன்றைச் சேர்க்க யோசிக்கவே மாட்டார்கள். எடுக்கத்தான் நாள் பார்ப்பார்கள்.

நல்லகண்ணு சும்மா ஆளில்லை. கவுன்சிலர். எந்தப் பேரூராட்சி என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பக்கம் நான் பஸ்ஸில் இறங்க முடியாது. போன வருஷம் வாய்க்கால் மடையில் ஷாம்பு பாக்கெட்டும் சின்ன பாட்டிலும் அடைத்து, தண்ணீர் மறித்து ஏறி, நாற்றங்கால் மூழ்கிப் போனது. சேறு வழிய அந்தக் குப்பையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து கூட்டத்து மேஜையில் கொட்டியவர் இதே நல்லகண்ணுதான். “லாட்ஜு, மண்டபம், ஜிம்மு, எங்கயும் இனிமே இந்தச் சனியனைக் குடுக்கக் கூடாது” என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. மீறினால் முதலில் நோட்டீஸ், மறுபடி மீறினால் சீல். கை தட்டினார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தத் தீர்மானத்தை முதல் ஆளாக மதித்து, ரூமுக்கு ரூம் சுவரில் டப்பா மாட்டியவர் லாட்ஜ் நடத்தும் ஜெபஷீலா. நல்லகண்ணு இப்போது நேராக அவரிடம்தான் போனார்.

“தாயி, ஸ்டோர்ல பழைய கிட்டு கெடக்குன்னு சொன்னேல்ல. எடுத்து ரூமுக்கு ரூம் குடுத்துரு.”

ஜெபஷீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணே, நீங்களா கேக்குறீக? கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வச்சிருக்கேன். தெரிஞ்சா என் பொழப்புல மண்ணு விழுந்துரும்.”

“நான் இருக்கேன்ல? யாராச்சும் கேட்டா நான் பாத்துக்கிறேன். பொண்ணுக் கல்யாணம் தாயி. சம்பந்தி முன்னால என்னைய எளப்பமாக்கிறாத.”

பெண்ணைப் பெற்றவன் கையெடுத்துக் கும்பிட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்? கிட்டு ரூம்களுக்குப் போனது. பஞ்சம்மாள் முகம் மலர்ந்து, “இப்பத்தான் சம்பந்தி வீடு மாதிரி இருக்கு” என்றார். ஒரு தடவை தேய்த்த சோப்பையும் கிழித்த பாக்கெட்டையும் பாதிப் பேர் குப்பைக்கூடையில் போட்டார்கள். மீதிப் பேருக்கு லாட்ஜின் பின்பக்க ஜன்னலும் அதற்குக் கீழே ஓடும் வாய்க்காலும் வசதியாக இருந்தன.

மறுநாள் காலையில் நல்லகண்ணு மகள் பூமாரி கழுத்தில் தாலி ஏறியது. லாட்ஜும் மண்டபமும் ஒரே காம்பவுண்டு. நல்லகண்ணு வாசலில் நின்று சம்பந்திகளைப் பந்திக்கு அழைத்துக்கொண்டிருந்தபோது, துப்புரவு ஆய்வாளர் மதன்குமார் வந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்தான். வழியில் குப்பை வண்டிக்காரர்கள் மறித்து, லாட்ஜில் அள்ளிய குப்பைச் சாக்கு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். அதை வாசலிலேயே பிரித்து, உள்ளே கிடந்த சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் அங்கே நின்ற ஜெபஷீலாவிடம் காட்டினார்.

“ஜெபஷீலாம்மா, நீங்களே இப்பிடிச் செய்யலாமா? ஊருக்கே உங்க லாட்ஜைத்தான உதாரணமாக் காட்டிட்டு இருந்தேன்?”

சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபஷீலா நல்லகண்ணுவைப் பார்த்தார். நல்லகண்ணு குனிந்து, சரியாக இருந்த வேட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

“நாந்தான் சார் குடுத்தேன்” என்றார் ஜெபஷீலா.

மதன்குமாருக்கு மனசில்லை. “கவுன்சிலர் சார், நீங்க கொண்டுவந்த தீர்மானம். நீங்களே சொல்லுங்க. நோட்டீஸ் குடுக்கட்டுமா?”

வாய் இருக்கிறதே, அது சமயத்தில் நம்முடையது மாதிரியே இருப்பதில்லை. “ரூல்ஸுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான தம்பி” என்றார் நல்லகண்ணு.

சொன்ன மாத்திரத்தில் காது மடல் சுட்டது. மதன்குமார் எழுதிக் கொடுக்க, ஜெபஷீலா நோட்டீஸை வாங்கி மடித்துக்கொண்டு லாட்ஜுக்குள் போய்விட்டார். “என்ன பொம்பளை! ஊரு ரூல்ஸை மதிக்காம” என்று பஞ்சம்மாள் உச்சுக்கொட்டியது வேறு நல்லகண்ணு காதில் விழுந்து தொலைத்தது.

மணமேடைக்கு எதிரிலேயே போட்ட பந்தியில் அவரைச் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சோற்றைப் பிசைகிறார், பிசைகிறார், வாய்க்குப் போகவில்லை. தலையை நிமிர்த்தினால் எதிரே ஜெபஷீலா. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆள் பற்றாத பந்தியில் தானே வாளியைத் தூக்கிச் சாம்பார் ஊற்றிக்கொண்டு வருகிறார். நல்லகண்ணு இலைக்கு வந்ததும், “சாப்பிடுங்கண்ணே, காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலையே” என்றார்.

அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு உடம்பே கூசிப்போனது. சாப்பிடாத இலையை விட்டு எழுந்தார். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி பக்கத்திலிருந்து பாதியில் எழுந்தால் பந்தி அடங்காமல் என்ன செய்யும்? எதிர் வரிசையில் மதன்குமார் வாயில் வைத்த வடையோடு அப்படியே நிமிர்ந்தார்.

“தம்பி, அந்த நோட்டீஸை அடிச்சு என் பேரை எழுதுங்க. இந்தத் தாயி வேண்டாம்னுதான் சொல்லுச்சு. கும்பிட்டு வாங்கிக் குடுத்தது நான். காலைல ஊமையா நின்னதும் நான்.”

“ஆத்தாடி! எங்களுக்குக் குடுத்ததைச் சபையில சொல்லிக் காட்டுறீகளா?” என்று பஞ்சம்மாள் எழுந்துவிட்டார்.

“உங்களைச் சொல்லல மதினி. கேட்டது நீங்க. இல்லைன்னு சொல்ல எனக்குத்தான் முதுகெலும்பு இல்ல.”

மணமேடையில் பூமாரி முகம் வெளுத்து நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா தலை குனிந்தவர் நிமிரவே இல்லை. அவரும் அந்தச் சோப்பில்தானே குளித்திருந்தார்.

மதன்குமார் தயங்கினார். “சார், நீங்க போட்ட தீர்மானத்துல குடுத்தவுகளுக்குத்தான் நோட்டீஸு. கேட்டவுக பேரை எழுத அதுல எடமே இல்ல.”

“அடுத்த கூட்டத்துல அதையும் சேக்குறேன். கேக்குறவனுக்கும் தண்டம். மொதப் பேரு என்னுது.”

அதுவரை வாளியோடு நின்ற ஜெபஷீலா அதைக் கீழே வைத்தார்.

“சேருங்கண்ணே, நல்லதுதான். ஆனா, நான் உங்களைப் பாத்தப்ப நீங்க வேட்டியைக் கட்டிக்கிட்டு நின்னீகளே, அதுக்கு எந்தத் தீர்மானம் போடுவீக? கேட்டு வாங்குறவுக வெக்கப்படாம, குடுக்கிறவுக மேல மட்டும் சட்டம் போட்டா வாய்க்கால் என்னைக்கும் சுத்தமாகாது.”

பந்தியில் யாரும் இலையைத் தொடவில்லை. மேடையில் மகளும் மருமகனும், பக்கத்தில் சம்பந்தி சனமும் பார்த்துக்கொண்டிருக்க, நல்லகண்ணு கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

“வெக்கப்படுறேன் தாயி” என்றார்.