உருளைகளின் இடைவெளி

முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு, அதையே எத்தனை தடவை சொல்வார் இந்த மில் முதலாளி நாகேஸ்வரன், சங்கிலிக்கும் இரும்புக்கும் கடன் கொடுத்த அன்று பைத்தியக்கார விளையாட்டு என்று சிரித்தவர்தானே, இப்போது கீழ்வேளூர் மில் வாசலில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, முழு அரிசி விழுந்தால் கடனுக்குத் தவணை, நொய் விழுந்தால் மிஷின் எனக்கு, கடன் தள்ளுபடி என்கிறார்... சாமிதுரை தான் செய்த நெல் மிஷினின் பெடலை மிதித்தான், லாரி டயர் சுற்றிய இரண்டு மர உருளைகளும் நெல்லைக் கவ்வி உமியை உரித்தன, கரண்ட் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒரு மரக்கால் நெல்லுக்கெல்லாம் மோட்டார் போட முடியாது என்று பெண்களைச் சாயங்காலம்வரை காக்கவைத்துத் தவிட்டையும் பிடித்துக்கொள்கிற மில்லே வேண்டாம், தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும், இதைச் சொன்னால் மில்காரர்களுக்கு ஏன் முகம் சுண்டுகிறது, ஆனால்... இதென்ன, முறத்தில் விழுவது நொய்யாக இருக்கிறதே, நேற்றுக்கூட வீட்டில் முத்து முத்தாக விழுந்ததே...

முறத்தைப் பிடித்திருந்த அவன் மனைவி அம்சவல்லி முதலாளி கொண்டுவந்து வைத்த மூட்டைக்குள் கைவிட்டு ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள், டக்கென்று சத்தம் கேட்டது. "மூணு வெயில் காஞ்ச நெல்லுங்க இது. நம்ம வூட்ல என்னிக்கு நெல்லு இப்படிக் காஞ்சிருக்கு?" என்றாள். அவனுக்குக் கால் நின்றுவிட்டது. களத்து ஈரத்தோடு அளந்து போடுகிற கூலி நெல், ஊதிப்போன நெல், கொஞ்சம் போட்டாலே மரக்கால் நிறைந்துவிடும், காலையில் அவித்துப் பாயில் கொட்டினால் மத்தியானம் பிள்ளைகள் பசி என்பார்கள், அரை ஈரத்தோடுதான் உரலுக்குப் போகும், அந்த நெல்லுக்குத்தானே உருளைகளை இவ்வளவு இறுக்கி வைத்தான், அந்த இறுக்கத்தில் காய்ந்த நெல் நொறுங்காமல் என்ன செய்யும், காய்ந்த நெல்லைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஏன் தோன்றவே இல்லை, எங்கே இருந்தது போட்டுப் பார்க்க...

நொய்க்கஞ்சி குடிக்கப் பல்லே வேண்டாம்டா என்றார் முதலாளி, நாலு பேர் சிரித்தார்கள். ஆட்சி மாறியபின் கூலியாட்களை டா போடாமல் வா போ என்பதோடு நிறுத்திக்கொண்டவருக்கு இன்று டா திரும்பிவிட்டது. மிஷினை உள்ளே தூக்கிவைக்கச் சொன்னார், சாக்குப் போட்டு மூடச் சொன்னார், பிறகு ஒரு தாளை நீட்டினார், இனி இதுபோல் ஒன்று செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தது. முதியோர் பள்ளியில் படித்த எழுத்து, மெல்லக் கூட்டிக் கூட்டி வாசித்தான். உதவாத மிஷினுக்கு எதற்கு இந்தத் தாள்? சிரிப்பு வந்தது அவனுக்கு.

"மிஷின எடுத்துக்கங்க. பேச்சு அதோட சரி. கையெழுத்து கெடையாது."

"கடன் அப்பிடியே நிக்கும், சாமிதுரை."

"கடன் தள்ளுபடின்னு ஊரு முன்னால சொன்னீங்க. இல்லைன்னா இல்லைன்னு ஊருகிட்டயே சொல்லிடுங்க, கேட்டுட்டுப் போறோம்."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி ஒருமுறை சுற்றிப் பார்த்தார், கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுப் புரோநோட்டை வாங்கிக் குறுக்கே கிழித்து அவன் காலடியில் போட்டார். கடன் முடிந்தது. வாய்க்கால் கரையில் நடக்கும்போது இரண்டு வருஷத்து உழைப்பு முதுகுக்குப் பின்னால் இருட்டறையில் கிடப்பது உறைத்தது, கிடக்கட்டும், கையை அங்கே விட்டு வரவில்லையே, அடுத்ததில் உருளைகளை நெருக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு வைத்தால் போயிற்று, எந்த நெல்லும் ஓடும்... அம்சவல்லி முன்னால் வெறும் முறத்தோடு விறுவிறுவென்று போனாள். திருகு வைப்பது சுலபம்தான், ஆனால் ஈர நெல்லுக்கு ஏற்றபடி மிஷினை இறுக்கிக்கொண்டே இருப்பதா, இல்லை நாளைக்குக் களத்தில் கூலிக்கு மரக்கால் போடும்போது, காய வைத்து அளங்க என்று கேட்டுவிடுவதா...