பின் சீட்டில் சுமை

எங்க அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. காரணத்தைக் கேட்டா சிரிப்பீங்க. நானும் முதல் ஒரு வாரம் சிரிச்சேன். அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரல.

அண்ணன் நில அளவையாளர். காடு மேடெல்லாம் ஜீப்புல சுத்தி, அளந்து, வரைபடம் போடற உத்தியோகம். என் வீட்டுக்காரர் கடை கடையாப் போய்த் தராசு சரியா நிக்குதான்னு சோதிக்கிறவர். கடையில ஒரு கிராமை விடாத மனுஷன் வீட்டுல மட்டும் விடுவாரா? பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு நான் வெளியே போனா, திரும்பி வரும்போது பதினேழு நிமிஷம்னு சொல்லுவாரு. திட்டறதுக்காக இல்ல. தகவலுக்காக.

அன்னைக்கு அண்ணன் வீட்டுல விருந்து. அவரோட மேலதிகாரிங்க, கூட வேலை செய்யறவங்க எல்லாரும் மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருந்தாங்க. அண்ணன் கதை சொல்ல ஆரம்பிச்சாரு. வெள்ளம் புரண்டு ஓடற ஆத்துல ஜீப்பை இறக்கினாராம், தண்ணி கண்ணாடி வரைக்கும் ஏறிச்சாம், அசராம அக்கரை சேர்ந்தாராம். கேட்டவங்க வாயைப் பிளந்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. அந்தப் பயணத்துல என் வீட்டுக்காரரும் அதே ஜீப்புல இருந்தவர். அண்ணன் அதை மறந்துட்டாரு. மேஜைக் கோடியில இருந்து இவரு நிதானமா, அது ஆறு இல்ல, வாய்க்கால், தண்ணி முழங்காலுக்குக் கீழதான் இருந்தது, நடுவுல வண்டி நின்னுபோச்சு, நான் இறங்கித் தள்ளினேன்னு சொன்னாரு. அதே தகவல் குரல். மேஜையே சிரிச்சுது. அண்ணன் முகத்துல ஈயாடல.

மறுநாள் காலையில அண்ணன் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதைச் சொல்லறதுக்கு வாசல் வரைக்கும் வரணுமா, போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு இவரு கேட்டாரு. நல்லவேளை, அண்ணன் அதுக்குள்ள தெருமுனை திரும்பிட்டாரு.

எனக்குப் பிறந்த வீடுன்னு மிச்சம் இருக்கிறது அண்ணன் ஒருத்தர்தான். முன்னெல்லாம், வீட்டை ஒட்டி நான் வைச்சிருக்கிற வண்டி ரிப்பேர் ஷெட்டுக்கு ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு. நான் வண்டிக்கு அடியில படுத்திருப்பேன், அவரு டிரம்மைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாரு. கேட்ட ஸ்பேனரைத் தவிர மத்ததையெல்லாம் எடுத்துக் கொடுப்பாரு. அந்த ரெண்டு வருஷமும் ஞாயித்துக்கிழமைன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆம்பளைங்க ரெண்டு பேரு வீம்புக்கு நான் எதுக்கு அண்ணன் இல்லாம இருக்கணும்? ரெண்டு பேரையும் ஜாக்கி வெச்சுத் தூக்கி நடுரோட்டுல விட்டுரணும் போல இருந்தது.

போன வாரம் அண்ணி போன் பண்ணினாங்க. அண்ணனை எங்கேயோ மலைப்பக்கம் புது வேலைக்கு மாத்தியிருக்காங்களாம், திங்கட்கிழமை கிளம்பணுமாம், லீவு கிடைக்கவே வருஷம் ஆகுமாம். ஜீப்போட பின்பக்கம் குதிக்கிற குதியில முதுகு போயிடும் போல இருக்கு, வேற யாருகிட்டயும் கொடுக்க அவருக்கு மனசு வரலன்னு சொன்னாங்க. அப்புறம் போன் கை மாறிச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அண்ணன் எங்கிட்ட கேட்ட முதல் கேள்வி, ஷெட்டுக்குப் படி இருக்காங்கறது. இல்ல, சரிவுதான்னு சொன்னேன். அப்போ ஞாயித்துக்கிழமை வர்றேன்னாரு.

இந்த ஞாயித்துக்கிழமையை விட்டா இவங்க ரெண்டு பேரும் கல்லு மாதிரி இறுகிப் போயிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். அடுத்தது யாராவது செத்தாத்தான் ஒரே இடத்துல நிப்பாங்க.

ஜீப்பைப் பார்த்ததுமே விஷயம் புரிஞ்சுபோச்சு. வண்டி உயரமா நிக்கணும்னு யாரோ சொன்னதைக் கேட்டு, பின்னாடி தடிமனான ஸ்பிரிங் பட்டையா மாத்திப் போட்டிருக்காரு. பட்டை அமுங்கும்போது நீளும். நீளறதுக்கு இடம் கொடுக்கத்தான் அதோட பின் முனையை ஷேக்கிள்ல மாட்டியிருக்கும். ஷேக்கிள்னா வண்டியோட அடிச்சட்டமான சேஸ்ல இருந்து ஊஞ்சல் மாதிரி தொங்கற ரெண்டு இரும்புத் துண்டு. புதுப் பட்டை வந்ததும் அந்த ஊஞ்சல் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, ஆட இடமில்லாம நின்னுடுச்சு. பள்ளத்துல விழுந்தா அடி நேரா முதுகெலும்புக்குத்தான். ஷேக்கிளோட மேல் முனையைக் கொஞ்சம் கீழேயும் பின்னாடியும் தள்ளி மாட்டற பிராக்கெட் இருக்கு. அண்ணனே பொட்டியோட வாங்கிட்டு வந்திருந்தாரு.

அவரு பழையபடி டிரம் மேல உட்கார்ந்தாரு. வீட்டுப் பக்கம் திரும்பவே இல்ல. வீட்டுக்குள்ள இவரு ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் பேப்பர் படிச்சாரு. அந்த வெயில்ல ஜன்னலைச் சாத்திக்கிட்டு யாராவது பேப்பர் படிப்பாங்களா?

சேஸைத் தூக்கி ஸ்டாண்டு வெச்சு, சக்கரத்தைக் கழட்டி, ஷேக்கிளைப் பிரிச்சேன். வலது பக்கத்துப் பழைய போல்ட் துருப்பிடிச்சு அசைய மாட்டேன்னுச்சு. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், சுத்தியால தட்டிப் பார்த்தேன், கடைசியில திட்டினேன். அதுக்குத்தான் வந்துச்சு. பிராக்கெட்டை மாட்டி, அதுல ஷேக்கிளைத் தொங்கவிட்டு, நட்டையெல்லாம் கையால திருகற அளவுக்கு மட்டும் வெச்சேன். திரும்பச் சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி நிறுத்தினேன்.

இங்கதான் விஷயம் இருக்கு. இந்தப் போல்ட்டுகளை வண்டி அந்தரத்துல தொங்கும்போது இறுக்கவே கூடாது. உள்ளே ரப்பர் புஷ் இருக்கு. தொங்கும்போது இறுக்கினா, வண்டி கீழே இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். வண்டி தன் சக்கரத்துல நிக்கும்போதுதான் இறுக்கணும். அண்ணன் வண்டியில எப்பவும் பின்னாடி அளவைக் கருவி, கூடாரம்னு சுமை இருக்கும். அந்த மாதிரி வண்டிக்குச் சுமையையும் ஏத்தி வெச்சு இறுக்கறது என் வழக்கம்.

அன்னைக்கு வண்டி காலியாத்தான் வந்திருந்தது. சுமைக்கு ஷெட் மூலையில சிமெண்ட் மூட்டை இருந்தது. எங்க வாசப்படி வெடிச்சுப் போச்சுன்னு அதை உடைச்சுட்டு, புதுசு கட்ட இவரு வாங்கிப் போட்டது. முதல் நாளே அது மேல தார்ப்பாயை இழுத்து மூடி, முன்னாடி ரெண்டு பழைய டயரைச் சாய்ச்சு வெச்சுட்டேன்.

அண்ணன்கிட்டப் போய், பின்னாடி சுமை இருந்தாத்தான் இறுக்க முடியும், பின் சீட்டுல ஏறி உட்காருங்கன்னு சொன்னேன். ஏறினாரு. வண்டி இடது பக்கமா லேசாச் சாய்ஞ்சது. சாய்ஞ்சா ஆகாது, வலது பக்கமும் அதே அளவு ஆள் வேணும்னு சொன்னேன். நீ ஏறேன்னாரு. நான் ஏறினா இறுக்கறது யாருன்னு கேட்டேன். மூட்டை கீட்டை எதுவும் இல்லையான்னு கேட்டாரு.

"எதுவும் இல்லண்ணே"ன்னேன்.

சொல்லி வாயை மூடல, சத்தம் கேட்டுத் திரும்பினா இவரு ஷெட் வாசல்ல நிக்கறாரு. பேப்பர் கையில இருக்கு. பார்வை நேரா மூலைத் தார்ப்பாய்க்குப் போச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. இந்த மனுஷனாவது, ஒரு தப்பான தகவலைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கறதாவது! வாயைத் திறந்தாரு. எங்களுக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து அந்த வாய் திறந்துட்டுச் சும்மா மூடினதை நான் பார்த்ததே இல்ல.

மூடினாரு. பேப்பரை மடிச்சு டிரம் மேல வெச்சாரு. எங்க உட்காரணும்னு எங்கிட்ட கேட்டாரு.

வலது பக்கம்னு சொல்லிட்டு, அண்ணன் இறங்கி ஓடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில புகுந்துட்டேன். அடியில ஆள் இருக்கும்போது மேல இருக்கறவங்க இறங்கக் கூடாது, வண்டி ஆடும்னு முன்னாடியே கண்டிப்பாச் சொல்லியிருந்தேன். மேல சீட்டு கிறீச்சுன்னுச்சு. வண்டி நேரா நின்னுச்சு. ரெண்டு பேரு எடையும் ஒண்ணுதான்னு அப்பதான் தெரிஞ்சுது.

என்கிட்ட இருக்கிற ஸ்பேனர் போதுமான அளவு இறுகினதும் டக்குன்னு ஒரு சத்தம் போடும். இடது பக்கம் மேல் போல்ட், டக். கீழ் போல்ட், டக். வலது பக்கம் போனேன், டக், டக். பட்டையோட முன் முனை போல்ட்டுகளையும் தளர்த்தி விட்டிருந்தேன், அதையும் இறுக்கினேன். வேலை முடிஞ்சுபோச்சு. மேல ஒரு சத்தமும் இல்ல. மூச்சு விடறாங்களான்னே சந்தேகமா இருந்தது. வேற என்ன பண்றது? இறுக்கின போல்ட்டையே முதல்ல இருந்து திரும்ப இறுக்க ஆரம்பிச்சேன். டக். டக்.

ரெண்டாவது சுத்து முடியறப்ப அண்ணன் பொதுவா, யாருகிட்டயும் இல்லாம, "மழை வரும் போல இருக்கு"ன்னாரு.

ஷெட்டுக்கு வெளியே தகரம் உருகற வெயில். துண்டு மேகம்கூடக் கிடையாது. போச்சுடான்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

"வரும்"னாரு என் வீட்டுக்காரர்.

கையில இருந்த ஸ்பேனர் நழுவி என் நெத்தியில விழுந்துச்சு. வலியைக்கூட அப்புறமாத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு இவரே ஆரம்பிச்சாரு. அது ஆறுதான் மச்சான்னாரு. நான் அப்புறம் போய் விசாரிச்சேன், அந்த வாய்க்கால் கொஞ்ச தூரம் போய் ஆத்துலதான் சேருது, அந்தக் காலத்துல அதுவே ஆறா இருந்ததுன்னு அங்க இருக்கிறவங்க சொல்றாங்கன்னாரு. ரெண்டு வருஷமா மனுஷன் இதை விசாரிச்சு வெச்சிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அண்ணன் ஒத்துக்கல. வரைபடம் போடறது நான், அது வாய்க்கால்தான் மாப்பிள்ளைன்னாரு. இவரு தண்ணி இடுப்பளவுக்கு இருந்ததுன்னாரு. அண்ணன் முழங்காலுக்குக் கீழன்னாரு. இடுப்பு, முழங்கால், ஆறு, வாய்க்கால்னு குரல் ஏற ஆரம்பிச்சுது. அன்னைக்கு ஒருத்தர் சொன்னதை இன்னைக்கு மத்தவர் சொல்லிச் சண்டை போடறாங்க. வண்டி ஆட ஆரம்பிச்சுது. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. மேல பார்த்து, அடியில ஒருத்தி இருக்கேன்னு கத்தினேன்.

ஆட்டம் நின்னுச்சு. அப்புறம் அண்ணன் குரல் தணிஞ்சு வந்துச்சு.

"தள்ளினது நீங்கதான். அதைக் கதையில நான் விட்டுட்டேன்."

நான் ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே படுத்திருந்தேன்.

"அதுதான் மச்சான்"ன்னாரு இவரு. "ஆறா வாய்க்காலாங்கறது எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அத்தனை பேர் முன்னாடி நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

இவரு ஒரு விஷயத்துல கூடாதுன்னு தன்னைச் சொல்லிக்கிட்டது எனக்குத் தெரிஞ்சு இதுதான் முதல் தடவை. அன்னைக்கு மேஜைக் கோடியில உட்கார்ந்திருந்தப்ப இவருக்கு மனசு வலிச்சிருக்குன்னு ரெண்டு வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தோணவே இல்ல. வெறும் திமிருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. மல்லாந்து படுத்திருந்தா கண்ணீர் நேரா காதுக்குள்ள போகும், அது வேற எரிச்சல்.

திரும்ப முதல் போல்ட்டுல ஸ்பேனரை வெச்சேன். டக். மேல இருந்து அண்ணன், "பாப்பா, அதையே எத்தனை தடவை இறுக்குவ?"ன்னு கேட்டாரு. நாற்பத்தெட்டு வயசுல, மூஞ்சியெல்லாம் கிரீஸோட படுத்திருக்கிறவளைப் பாப்பாங்கறாரு. இன்னும் முடியல, ரெண்டு பேரும் அசையாம உட்காருங்கன்னு சொன்னேன். சரின்னு உட்கார்ந்தாங்க. என்னென்னவோ பேசினாங்க. நான் டக் டக்குன்னு ஸ்பேனரை ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன்.

சாயங்காலம் வெளியே ஓட்டிப் பார்த்தாச்சு. தெருமுனைப் பள்ளத்துல அண்ணன் வேணும்னே இறக்கினாரு. பின்பக்கம் அமுங்கி, சாதுவா எழுந்துச்சு. ஒரு முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடின பிறகு போல்ட்டையெல்லாம் ஒரு தடவை பார்க்கணும், அங்கேயே எந்தக் கடையிலயும் பார்த்துக்கலாம்னு சொன்னேன். அதை அங்க பார்த்துக்கறேன், ஆனா முதல் லீவுல இங்க வந்து நல்லா இறுக்கிடணும்னாரு. அதுக்குச் சுமை வேணுமேன்னேன். மாப்பிள்ளை இருக்காருல்லன்னாரு.

வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, ஜன்னல் வழியா இவரைக் கூப்பிட்டாரு.

"மாப்பிள்ளை, நான் வர்றதுக்குள்ள வாசப்படியக் கட்டிடுங்க. தார்ப்பாய்க்கு அடியில இருக்கிற அந்த ரெண்டு மூட்டையும் தீர்ந்தாத்தான் எனக்கு நிம்மதி."

எனக்குக் காது வரைக்கும் சுட்டுச்சு. எப்பப் பார்த்தாரு? தெரிஞ்சேதான் உட்கார்ந்திருக்காரு. ரெண்டு பேருமே தெரிஞ்சேதான் உட்கார்ந்திருக்காங்க. அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினாரு. அந்தச் செருமல் எனக்கு நல்லாத் தெரியும். வேண்டாம்னு கண்ணைக் காட்டினேன். அவரு என்னைப் பார்க்கல.

"மூணு மூட்டை"ன்னாரு.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இவரையே பார்த்தாரு. எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்தது.

"சரி, மூணு"ன்னு சொல்லிட்டு, கியரைப் போட்டுக் கிளம்பினாரு.