மெதுவாகப் போன ஜீப்

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தபோது, உள்ளே வேலையில் இருந்த ராக்கப்பனை வாழையிலையில் சுற்றித்தான் வெளியே தூக்கி வந்தார்கள். ஐம்பத்தேழாம் வருஷம், கோடைக்காலம். சிவகாசியில் பார்த்த டாக்டர் உடனே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கைவசம் இருந்தது கம்பெனி ஜீப்தான். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது முதலாளி எடுத்தது.

டிரைவர் மாணிக்கராஜ் சாத்தூர்க்காரர். பர்மா எல்லையில் அதே மாதிரி ஜீப்பை ஓட்டியவர். அங்கே ஒரு மலை வளைவில் முன்னால் போன ஜீப் கவிழ்ந்து, அடியில் நசுங்கிக் கிடந்தவர்களை இழுத்துப் போட்டவர். ஒடுக்கமான வண்டி, பாரம் உயரத்தில் ஏறினால் வளைவில் சக்கரம் தூக்கிவிடும். அதனால் விளிம்பில் தொற்றிக்கொண்ட உறவுக்காரர்களை எல்லாம் இறக்கிவிட்டார். ராக்கப்பனின் மனைவி முத்துப்பேச்சியும் அவள் தம்பி கோட்டைச்சாமியும் மட்டும் கூட வந்தார்கள்.

நேர்ச்சாலையில் விரட்டிய மாணிக்கராஜ், ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். விருதுநகர் தாண்டி எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது, ஒரு பக்கச் சக்கரங்கள் தார் ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கின. அவர் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பவில்லை. மண்ணிலேயே வண்டியை ஊரவிட்டு, பிறகு மெல்ல மேலே ஏற்றினார்.

"உசுரு போயிக்கிட்டிருக்கு. மாட்டுவண்டியா ஓட்டுறீக?" என்றான் கோட்டைச்சாமி.

மாணிக்கராஜ் அடுத்த வளைவுக்கும் வேகத்தைக் குறைத்தார். கள்ளிக்குடி தாண்டியதும் முத்துப்பேச்சி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இனி அவசரமில்லை என்றாள்.

டிரைவர்தான் ஆளைக் கொன்றுவிட்டான் என்று ஊரில் பேச்சாயிற்று. கோட்டைச்சாமியும் அப்படித்தான் சொல்லித் திரிந்தான். முதலாளி மாணிக்கராஜை நிறுத்திவிட்டு, லாரி ஓட்டிப் பழகியிருந்த கோட்டைச்சாமிக்கே அந்த வேலையைக் கொடுத்தார். குடும்பத்துக்குச் செய்கிற உதவியாகவும் அது இருக்கும் என்று நினைத்திருப்பார். மாணிக்கராஜ் சாவியைக் கொடுக்கும்போது, லோடை உயரமாக அடுக்க வேண்டாம், சக்கரம் ரோட்டைவிட்டு இறங்கினால் பதறித் திருப்ப வேண்டாம் என்று சொன்னார். கோட்டைச்சாமி அவர் முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

தீபாவளி சீசனில், வெடிப்பெட்டிகளை ஜீப்பில் தலைக்குமேல் உயரமாக அடுக்கிக்கொண்டு கண்மாய்க்கரையில் வந்தான். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது சக்கரம் சரிந்தது. அவன் வெடுக்கென்று திருப்பியதாகவும், வண்டி உருண்டதாகவும் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கம்பெனி ஆள் பெத்தணன் சொன்னான். பெத்தணன் வயலில் போய் விழுந்து பிழைத்தான். கோட்டைச்சாமி வண்டிக்கு அடியில் கிடந்தான்.

சேதி கேட்டு மாணிக்கராஜ் சாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். இழவு வீட்டில், முன்பு அவரை ஏசியவர்களே எழுந்து வழிவிட்டார்கள். அவர் ஓட்டியதுதான் சரி என்று ஒருவர் கையைப் பிடித்துச் சொன்னார். கையை விடுவித்துக்கொள்ள அவருக்குத் தோன்றியது. பிணத்துக்கு முன்னால் நின்று அதைக் கேட்க முடியவில்லை.

தம்பியின் தலைமாட்டில் இருந்த முத்துப்பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு வேகமாப் போயிருந்தா இப்பிடித்தான் கவுந்திருக்குமா?"

ஆமாம் என்று அவர் சொல்வதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு சொல்லில் அவர் பழி தீர்ந்துவிடும்.

"தெரியலை தாயி. கவுந்திருக்கலாம். கவுழாம மதுரைக்குப் போயும் சேந்திருக்கலாம்."

"அவுக பொளைச்சிருப்பாகளா?"

"அதுவும் தெரியலை."

அவள் தலையசைத்தாள். இத்தனை மாதமும் ஆளாளுக்கு நிச்சயமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று அவளிடம் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"உக்காருங்க" என்றாள்.

மாணிக்கராஜ் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். காரியாபட்டியிலிருந்து வரவேண்டிய சொந்தங்கள் இன்னும் வந்து சேரவில்லை.