குப்பையில் போட்ட சத்தம்

சுவரில் அறைந்திருந்த ஐந்தாவது போர்வையை அக்கா பிடுங்கியபோது ஆணியும் கூடவே வந்து காலடியில் விழுந்தது. வந்தவர்கள் உட்காரக் கூடத்தில் விரிப்பு போதவில்லை என்று சித்தி கேட்டிருந்தாள். வீட்டுப் போர்வைகள் எல்லாம் தம்பியின் அறைச் சுவரில்தான் இருந்தன. தம்பி கூடத்தில், வெள்ளைத் துணிக்குக் கீழே படுத்திருந்தான். மூன்று மணிக்கு வண்டி வரும்.

வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்கத்தான் இந்தப் போர்வை வேலை. எட்டு மாதமாக இந்தப் பத்தடி அறையில் அவன் ஓர் இசைத்தொகுப்பு செய்துகொண்டிருந்தான். பாட்டென்று நினைத்துக் கேட்டால் ஏமாந்துதான் போக வேண்டும். அம்மாவின் தையல் மிஷின், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது, அப்பா செருப்பைத் தேய்த்து நடப்பது, இவற்றையெல்லாம் வெட்டி ஒட்டி ஒன்பது டிராக். "வீட்டுல இருக்கிற இரைச்சல் போதாதா?" என்பார் அப்பா. அவன் உடனே மைக்கை நீட்டி, "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்பான். பதிவானதைக் கேட்டு வேண்டாத சத்தத்தை நீக்குவது அக்காவின் வேலை. அவளுக்குப் பாம்புச் செவி என்று அவனுக்குப் பெருமை.

மூன்றாவது டிராக்கில்தான் அது முதலில் வந்தது. வெறும் காதுக்குக் கேட்காது; மைக்கில் மட்டும், மெல்லிய விசில் போல, இழுத்து இழுத்து. ஃபேன் என்றார்கள், நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜ் என்றார்கள், இரண்டு நாள் பிளக்கைப் பிடுங்கி வைத்ததில் பால் திரிந்து, அம்மா இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிறது என்று கடைசியில் அதன்மேலும் ஒரு போர்வையை அறைந்தார்கள். அதன்பிறகு சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"நீக்கிடுக்கா. ஆனா தூக்கிப் போட்டுடாத, எதுக்காவது உதவும்" என்றான். ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்து, 'குப்பை' என்று பெயர் வைத்து ஒரே கோப்பாகச் சேர்த்தாள்.

நேற்றுக் காலை ஹெட்போனும் கையுமாகச் சரிந்து கிடந்தான். மருத்துவமனையில், எல்லாம் முடிந்த பிறகு, டாக்டர் கேட்டது ஒரே கேள்வி.

"மூச்சு இழுக்கிறது எத்தனை நாளா இருக்கு?"

அம்மா இவள் பக்கம் திரும்பினாள். "எந்நேரமும் நீதானடி கூட இருந்த?"

"எனக்குத் தெரியல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிராக் டிராக்காக அவள் வெட்டியெடுத்த அந்த விசில்.

ஐந்து போர்வைகளையும் மடித்துக்கொண்டிருக்கையில் அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக இந்த நிலைப்படியைத் தாண்டாதவர்.

"அவன் பண்ணினதைப் போடும்மா."

ஒன்பதாவதைப் போட்டாள். தையல் மிஷின் ஓடி நின்றது. செருப்பு தேய்ந்தது. நடுநடுவே அவள் துடைத்து வைத்த அமைதி.

"நாங்கள்லாம் இருக்கோம். அவன் எங்க?"

மைக்குக்குப் பின்னால் இருந்தான் என்று சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருப்பார். அவள் குப்பையைத் திறந்தாள்.

முதலில் நூலிழை போல ஒரு விசில். டிராக் மாற மாற அது தடித்தது. இழுவை நீண்டது.

"ஃப்ரிட்ஜா?" என்றார் அப்பா.

"நாங்களும் அப்படித்தான்ப்பா நினைச்சோம்."

அப்பா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவதில் அவர் முகம் மாறியது.

"எல்லாத்தையும் நான்தான்ப்பா நீக்கினேன்" என்றாள்.

"வண்டி வந்துடுச்சு" என்று கூடத்திலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்.

அப்பா எழுந்துபோய் ஜன்னல்மேல் இருந்த ஆறாவது போர்வையை இரண்டு கையாலும் பிடுங்கினார். கொக்கி இறுகியிருந்தது. உள்ளங்கையால் இரண்டு முறை குத்தித் திறந்தார். காற்று வந்தது.

அக்கா ஸ்பீக்கரை நிறுத்தக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா, திரும்பாமலே.