குதிரை வரையத் தெரியாத பிபிநூர்

குளிர்காலத்தில் பிபிநூர் வண்ணம் குழைக்கும் தண்ணீரில் கொஞ்சம் வோட்கா ஊற்றிக்கொள்வாள். இல்லாவிட்டால் தூரிகை முனையிலேயே தண்ணீர் உறைந்துவிடும். "ஊர்ல பொம்பளைங்க புருஷன் குடிக்கிறான்னு அழுவாங்க. எங்க வீட்ல தூரிகை குடிக்குது" என்று அவள் கணவன் குவாந்திக் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

கராசோர் கிராமத்து ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். வேலை முடிந்ததும் மடக்கு நாற்காலியையும் பைனாகுலரையும் தூக்கிக்கொண்டு உவர் ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவாள். பனிக்காலத்தில் கருப்பு வானம்பாடி, பனி உருகும்போது வாத்துக் கூட்டம், கோடையில் உள்ளான் என்று வந்தவர்களையெல்லாம் வரைவாள். கண்ணெதிரே இல்லாததை மட்டும் அவள் வரைந்து பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில், ஏரியை ஒட்டிய புல்வெளியில் திர்னா ஜோடி ஒன்று இறங்கியது. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, சிவப்புக் கண்ணுக்குப் பின்னால் வெள்ளை இறகுக் கொத்து. கொக்கு மாதிரிதான், ஆனால் கொக்கைவிடக் கம்பீரமான பறவை. கூடு என்று எதுவும் கட்டவில்லை. வெறுந்தரையில் கொஞ்சம் கூழாங்கல்லைச் சேர்த்து இரண்டு முட்டை இட்டிருந்தது.

புல்வெளி தொக்தாருடையது. குவாந்திக்கின் சித்தப்பா மகன், நாற்பதைத் தாண்டியவன். புகுந்த வீட்டு ஆண்களைப் பேர் சொல்லக்கூடாது என்பதால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிபிநூருக்கு அவன் 'வாலுப்பயல்'தான். முட்டையைக் கண்ட அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் டீயும் பொரித்த ரொட்டியும் எடுத்து வைத்தான்.

"வாலுப்பயலே, பழம்புல்லை எப்பக் கொளுத்தப் போற?"

"காத்து அடங்கினதும். ஏன் அண்ணி, குளிர் காயணுமா?"

"கொளுத்தாதடா. திர்னா முட்டை வெச்சிருக்கு."

"பழசு எரிஞ்சாத்தானே புதுப்புல் வரும்? என் மாடு என்ன, உங்க படத்தையா மேயும்?"

பிபிநூர் இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொண்டாள். எழுந்து போகிற மாதிரி இல்லை. கடைசியில் அவனே இறங்கி வந்தான்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. எனக்குக் கூரெங்கை வரைஞ்சு தாங்க. முட்டை பொரியற வரைக்கும் நான் தீக்குச்சியத் தொடல."

கூரெங் அவனுடைய கருஞ்சிவப்புக் குதிரை. அந்தக் குளிர்காலத்தில் வயிற்றுவலி கண்டு செத்துப்போனது. பிழைக்காது என்று தெரிந்தால் கடைசி மூச்சுக்கு முன்பே அறுத்து இறைச்சியாக்குவதுதான் ஊர் வழக்கம். தொக்தார் யாரையும் கத்தியை எடுக்க விடவில்லை. உறைந்த தரையில் நெருப்பு மூட்டி, இளக்கி, தோண்டி, ஏரி மேட்டில் அதைப் புதைத்தான். ஊரே சிரித்தது.

"போட்டோ இருக்கா?"

"இல்ல அண்ணி. தினமும்தான் பாக்கிறோமேன்னு இருந்துட்டேன்."

முடியுமா என்று யோசிக்காமலே பிபிநூர் தலையாட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து தாளை விரித்தபோதுதான் வினை புரிந்தது. எத்தனையோ தடவை அந்தக் குதிரை அவளைக் கடந்து போயிருக்கிறது. ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. அவள் கண்ணெல்லாம் அதன் முதுகில் வந்து உட்காரும் மைனாக்கள் மேல்தான் இருந்திருக்கிறது.

முதல் படத்தைத் தொக்தார் இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தான். "இது குதிரையா அண்ணி? காது முளைச்ச வாத்து மாதிரி இருக்கு."

"அப்ப வந்து பக்கத்துல உக்காந்து சொல்லு, எப்படி இருந்துச்சுன்னு."

வந்தான். கூட்டிலிருந்து நல்ல தூரம் தள்ளி இருவரும் உட்கார்ந்தார்கள். இடது முன்னங்கால் குளம்பு மட்டும் வெளுப்பு, குரல் கேட்டால் தலையைத் திருப்பாது, காதை மட்டும் திருப்பும் என்று சொல்லிக்கொண்டே போனவன், நடுவில் பைனாகுலரை வாங்கி வைத்துப் பார்த்தான்.

"அண்ணி, ஒண்ணு எந்திரிச்சுப் போகுது, இன்னொண்ணு வந்து உக்காருது. அது புருஷனா?"

"ஆமா, மாத்தி மாத்தித்தான் அடைகாக்கும்."

"அண்ணன் இதைப் பாக்கணும்."

"அதுக்குப் பயந்துதான் அவரு இந்தப் பக்கமே வர்றதில்ல."

அதன்பிறகு கூப்பிடாமலே வர ஆரம்பித்தான்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் சாலைக்கு அந்தப் பக்கம் யாரோ கொளுத்திய தீ, காற்று திரும்பியதும் சாலையைத் தாண்டிவிட்டது. எரிக்காமல் விட்ட பழம்புல்லில் அது குதிரை வேகத்தில் ஓடியது. பிபிநூர் போன் பண்ணினாள். தொக்தார் கலப்பை மாட்டிய டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். தீக்கும் கூட்டுக்கும் நடுவே தன் நல்ல மேய்ச்சல் நிலத்தையே குறுக்காக உழுது தள்ளினான். தாண்டி விழுந்த பொறிகளைப் பிபிநூர் நனைத்த கோட்டால் அடித்து அணைத்தாள். பெண் பறவை முதலிலேயே பறந்துவிட்டது. ஆண் சிறகை விரித்துக்கொண்டு தீயைப் பார்த்து நின்றதை அவள் கண்டாள். பிறகு புகை மூடிவிட்டது.

உழுத மண்ணோடு தீ நின்றது. மூஞ்சியெல்லாம் கரியாக இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான்தான்டா கொளுத்த விடாமத் தடுத்தேன். பழம்புல் இல்லாட்டி இவ்வளவு வந்திருக்காது."

"கொளுத்தியிருந்தா அன்னிக்கே முட்டை வெந்திருக்கும். விடுங்க. அதுங்க திரும்பி வருமா?"

"தெரியல."

"பறவைக்காரி நீங்களே தெரியலன்னா எப்படி?"

"நிஜமாவே தெரியலடா."

பிபிநூருக்கு அது உறைத்தது. இத்தனை வருஷம் பார்த்தும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பறவை எப்படி இருக்கும் என்பதுதான். என்ன செய்யும் என்று அவற்றின் சார்பில் அவளால் சொல்ல முடியாது.

வெயில் சாயும் நேரத்தில் ஒன்று நடந்தே வந்தது. கருகிய தரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, நின்று நின்று பார்த்து, கடைசியில் போய் முட்டைமேல் உட்கார்ந்தது. தொக்தார் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டான்.

ஒரு முட்டை பொரிந்தது. மற்றது பொரியவே இல்லை. அந்த ஒற்றைக் குஞ்சு வளர வளர பிபிநூர் அதை வரைந்தாள். கோடை முழுக்க அதன் கால்கள் உடம்பை முந்திக்கொண்டு நீண்டன. செப்டம்பரில் எங்கெங்கிருந்தோ திர்னாக்கள் ஏரியில் சேர்ந்தன. ஒரு காலை எல்லாம் ஒன்றாக எழும்பின.

"இதுல நம்மளது எது அண்ணி?" என்றான் தொக்தார், கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தபடி. அவளும் பைனாகுலரில் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

குதிரை மட்டும் வரவேயில்லை. எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டாள். முதல் பனி விழுந்த வாரம் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். வெள்ளை வெளி, ஏரி மேடு, அதன்மேல் கருப்பு வானம்பாடிகள்.

"குதிரை எங்க அண்ணி?"

"எனக்குக் கண்ணால பாக்கறதைத்தான்டா வரையத் தெரியும். அது இங்கதான் இருக்கு" என்று பறவைகளுக்குக் கீழே விரலை வைத்தாள்.

சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"இதுங்க எப்பவும் அங்க வருமா?"

"மேட்டுல காத்து பனியத் தள்ளிவிட்டுடும். விதை பொறுக்க வரும்."

அவன் டிவிக்கு மேலே ஆணி அடிக்க இடம் பார்த்தான்.

ஜனவரியில் ஒருநாள் பிபிநூர் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணி, கரண்டுக் கம்பத்து மேல வெள்ளையா ஒண்ணு உக்காந்திருக்கு. பூனை மூஞ்சி. என்னையே முறைக்குது."

அவள் ஊசியைத் தட்டில் போட்டாள். பனி ஆந்தையை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. "இதோ வர்றேன். போகவிடாம பாத்துக்கோ!"

"நான் எப்படிப் பாத்துக்கறது? அது என்ன ஆடா, கட்டிப் போட? சீக்கிரம் வாங்க!"